சுவர் விரிசலுக்குப் பட்டி வைக்கும் முன்னால்

பெயின்ட் அடிக்க வருபவரிடம் சுவர் விரிசலைக் காட்டினால் பதில் ரெடியாக இருக்கும்: "பட்டி வெச்சு இழுத்துட்டா தெரியாது சார்." அவர் பொய் சொல்லவில்லை. நாலைந்து மாதம் தெரியாதுதான். அதற்குள் சித்திரை வெயில் வரும், இல்லையென்றால் ஐப்பசி மழை வரும். விரிசல் அதே இடத்தில், அதே வளைவோடு திரும்ப எட்டிப் பார்க்கும். மறுபடி பட்டி, மறுபடி பெயின்ட். வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பல வீடுகளில் ஒரே விரிசலுக்குப் பத்து வருடமாகச் செலவு நடந்துகொண்டிருக்கிறது.

சுவர் சும்மா பிளக்காது. ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும்: மேலே கூரைத் தளம் நீண்டிருக்கும், தரை இறங்கியிருக்கும், கம்பி உப்பியிருக்கும், பூச்சு காய்ந்து சுருங்கியிருக்கும். எது நகர்ந்தது, எந்தப் பக்கமாக, இன்னமும் நகர்கிறதா என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச், ஸ்டீல் ஸ்கேல், பென்சில், சிறிய உளி, சுத்தியல், பத்து மீட்டர் டிரான்ஸ்பரன்ட் டியூப், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் காலிப்பர் போதும்.

பூச்சில் மட்டுமா, செங்கல்லிலுமா

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஆறு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்துக்குப் பூச்சை வெட்டி எடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வெட்டாதீர்கள், உள்ளே ஒயர் பைப் ஓடும். பூச்சை எடுத்த பிறகு செங்கல்லிலோ கலவை மூட்டிலோ விரிசல் இல்லையென்றால் நிம்மதி. அது பூச்சு வேலையின் கோளாறு. செங்கல்லிலும் இருந்தால் சுவருக்கு மறுபக்கம் போய் அதே உயரத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தால் சுவர் முழுத் தடிமனுக்கும் பிளந்திருக்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதிய விரிசல். பழைய பெயின்ட், தூசி, சிலந்தி வலை இருந்தால் அது பல வருடத்துக்கு முன்பே வந்து நின்றுபோனதாக இருக்கலாம்.

பூச்சு விரிசல்களில் அதிகம் பார்ப்பது வலைப்பின்னல் மாதிரிப் பரவிய மயிரிழை விரிசல். இதற்குக் காரணம் பெரும்பாலும் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்ற நல்ல எண்ணம்தான். உள்சுவர்ப் பூச்சுக்கு 1:5 அல்லது 1:6 கலவை (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல்), 12 மி.மீ. தடிமன் போதும். மேஸ்திரி 1:3 போட்டால் சிமெண்ட் அதிகமாகி, காயும்போது அதிகமாகச் சுருங்கும். செங்கல் பூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், பூச்சு சுருங்கப் பார்க்கும், நடுவில் கிழியும். அதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. ஈரப் பூச்சின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவி, தண்ணீர் தெளித்து வழவழப்பாகத் தேய்ப்பது. மேலே ஒரு மெல்லிய சிமெண்ட் தோல் உண்டாகி, அது மட்டும் தனியாக வெடிக்கும். கட்டுமானத்துக்கு வாங்கிய எம்-சாண்டையே (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பூச்சுக்கும் சல்லடை போடாமல் பயன்படுத்துவது, ஏழு நாள் தண்ணீர் காட்டாமல் விடுவது, இரண்டு அங்குலப் பள்ளத்தை ஒரே தடவையில் பூசி நிரப்புவது ஆகியவையும் இதே பட்டியலில் சேரும்.

சுத்தியல் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு செங்கல்லைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தில் பட்டி வைத்துப் பயனில்லை. பிரிந்த பூச்சை முழுக்க உடைத்து எடுத்து, மூட்டைக் கொத்தி, நனைத்துப் பூச வேண்டும். சத்தம் கெட்டியாக இருந்து மயிரிழை மட்டும் என்றால் பட்டியே போதும். பெயின்டர் சொன்னது சரியாகும் ஒரே இடம் அதுதான்.

ஸ்விட்ச் போர்டிலிருந்து ஸ்கேல் வைத்த மாதிரி நேராக மேலே போகும் விரிசல் பைப் பதிக்கச் சுவரில் வெட்டிய பள்ளத்தின், அதாவது காடியின் மேல் வருவது. பைப்புக்கு மேலே கால் அங்குலம்கூட கலவை இல்லாமல் பூசியிருப்பார்கள். வெட்டி, பைப்பை இறுக்கி, நாலு அங்குல அகலத்துக்கு ஃபைபர் வலை வைத்துப் பூசினால் சரியாகிவிடும். ஆனால் நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்டியிருந்தால் யோசிக்க வேண்டும். அந்தச் சுவரின் தடிமனில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது.

தூணும் செங்கல்லும் பிரியும் இடம்

பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீடுகளில், பில்லரை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு, பீமுக்கு அடியில் குறுக்காக ஒரு நேர்கோடு வரும். பார்க்கப் பயமாக இருக்கும், பொதுவாக ஆபத்தில்லை. கான்கிரீட்டும் செங்கல் கட்டும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் நீண்டு சுருங்குவதில்லை. சேரும் இடத்தில் பிரிகின்றன. வேலை அவசரமும் ஒரு காரணம். பீமுக்கு அடியில் கடைசி வரிசையை வைப்பதற்கு முன் சுவருக்கு ஒரு வாரமாவது ஓய்வு கொடுத்து, கலவை சுருங்கி அமர்ந்த பிறகு இறுக்கமாக அடைக்க வேண்டும். காலையில் கட்ட ஆரம்பித்த சுவரை மாலையில் உடைகல்லும் கலவையும் திணித்து மூடினால், சுவர் அமரும்போது மேலே இடைவெளி விழத்தான் செய்யும். ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த, காற்றறைகள் உள்ள கான்கிரீட் கல்), சாலிட் பிளாக் சுவர்களில் இது இன்னும் அதிகம். மழையில் நனைந்த பிளாக்கை அப்படியே வைத்துக் கட்டினால், காயும்போது ஒவ்வொரு கல்லும் சுருங்கும். பத்தடிச் சுவரின் நடுவில்கூட நெட்டுக்கு ஒரு விரிசல் வரும்.

இதைச் சரிசெய்ய, விரிசலின் இருபக்கமும் ஆறாறு அங்குலத்துக்குப் பூச்சை எடுத்து, விரிசலை 'வி' வடிவில் 10 மி.மீ. ஆழம் வெட்டி, பாலிமர் சேர்த்த கலவையால் அடைத்து, மேலே கோழி வலையோ ஃபைபர் வலையோ வைத்து ஆணி அடித்துப் பூச வேண்டும். வலை விரிசலின் மேல் மையமாக, இருபக்கமும் சம அளவு போக வேண்டும். பில்லர் பக்கம் மட்டும் வலையை அடித்துவிட்டு செங்கல் பக்கம் ஓரமாகத் தொங்கவிட்டால், வலை முடியும் இடத்தில் புதிய விரிசல் வரும்.

மாடியில் வருவதும் தரைத்தளத்தில் வருவதும்

கடைசி மாடியில் மட்டும் தளமும் சுவரும் சேரும் இடத்தில் குறுக்கு விரிசல், மூலைகளில் சாய்ந்த விரிசல் என்று இருந்தால் முதலில் சூரியனைச் சந்தேகப்படுங்கள். ஒன்பது மீட்டர், அதாவது முப்பதடி நீளக் கான்கிரீட் தளம் 25 டிகிரி சூடேறினால் இரண்டு மி.மீ.க்கு மேல் நீளும். கீழே இருக்கும் செங்கல் சுவர் அவ்வளவு சூடாவதும் இல்லை. அதே சூட்டுக்குக் கான்கிரீட் நீள்வதில் ஏறத்தாழ பாதிதான் செங்கல் நீளும். தளம் சுவரின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இந்த விரிசலைக் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் அகலம் மாறினால் சந்தேகமே வேண்டாம். சாய்ந்த விரிசலாக இருந்தால் அதன் கீழ்முனை பெரும்பாலும் வெளிச்சுவர்ப் பக்கமும் மேல்முனை வீட்டின் நடுப்பக்கமும் இருக்கும். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இதற்கு மருந்து சுவரில் இல்லை, மொட்டைமாடியில் இருக்கிறது. சுருக்கியும் (செங்கல் தூள் சேர்த்த சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் (தட்டையான சுட்ட ஓடு) போட்ட பழைய மாடிகளில் இந்த விரிசல் குறைவு. செலவு மிச்சம் என்று வெறும் சிமெண்ட் தளத்தோடு விட்ட மாடிகளில்தான் அதிகம். தட்டோடு பதிப்பதோ, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பதோ தளத்தின் சூட்டைக் குறைக்கும். உள்ளே விரிசலில் கெட்டிக் கலவையை அடைக்கக் கூடாது. நகரும் விரிசலுக்கு நகர்ந்துகொடுக்கும் சீலண்ட் வேண்டும்; பெயின்ட் ஏறக்கூடிய அக்ரிலிக் சீலண்ட் கடைகளில் டியூபில் கிடைக்கும்.

தரைத்தளத்தில் தொடங்கி மேலே ஏறும் சாய்ந்த விரிசலோ, செங்கல் மூட்டு வழியாகப் படிப்படியாக ஏறும் விரிசலோ மண்ணின் வேலை. இதைப் படிக்க ஒரு எளிய வழி உண்டு. சாய்ந்த விரிசலின் மேல்முனை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. விரிசல் இடக்கீழிருந்து வலமேலாகப் போனால் சுவரின் வலது முனை இறங்குகிறது. அடுத்து அகலத்தைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருந்தால் சுவரின் முனை இறங்கியிருக்கிறது. கீழே அகலமாகவும் மேலே மெல்லியதாகவும் இருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. ஒரே சுவரில் கூரை போல இரண்டு விரிசல்கள் மேலே சேர்ந்தால் நடு இறங்கியது உறுதி. ஒரு சுவரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே மூலையில் சேரும் இன்னொரு சுவரிலும் விரிசல் அந்த மூலையையே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மூலையைக் காட்டினால் அந்த மூலைக்கு வெளியே போய் நின்று, அங்கே என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கசிவு, உடைந்த சாக்கடைப் பைப், இன்ஸ்பெக்ஷன் சேம்பரின் (சாக்கடைப் பைப்பைத் திறந்து பார்க்கும் தொட்டி) கீழ்த்தளம் பெயர்ந்தது, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அஸ்திவாரத்தின் மேலேயே கொட்டுவது இப்படி ஏதாவது ஒன்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரப் பட்டையில் மண் மணலாக இருக்கும். மணல் எடையைத் தாங்குவதில் மோசமில்லை. ஆனால் ஓடும் தண்ணீரோடு அதுவும் கிளம்பிவிடும். உடைந்த பைப்பின் வாய் வழியாக மணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மேலே தரையில் எதுவும் தெரியாது. சம்ப்பைச் சோதிப்பது சுலபம்: இரவு மோட்டார், வரும் லைன் இரண்டையும் மூடிவிட்டுத் தண்ணீர் மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, காலையில் பாருங்கள். சாக்கடைக்கு, கழிவறையில் வண்ணப்பொடி கரைத்த நீரை ஊற்றி, சேம்பரில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கலாம்.

வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், மணலிப் பக்கம் கதை வேறு. பல இடங்களில் களிமண். ஏரி, குட்டை, கால்வாய் ஓரத்தை மண் கொட்டி மேடாக்கிய மனைகளும் நிறைய. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் விரிசல் மூடிக்கொண்டு, மே மாதத்தில் விரிந்தால் அது களிமண்ணின் மூச்சு. மாடி வெயில் விரிசலும் மே மாதத்தில்தான் ஆடும் என்பதால் குழப்பம் வரும். அதற்குத்தான் முன்பு சொன்ன இரண்டு அடையாளங்கள். வெயில் விரிசல் ஒரே நாளில் மாறும், களிமண் விரிசல் மாதக்கணக்கில்தான் மாறும். மூலை விரிசலின் மேல்முனை வீட்டின் நடுவைப் பார்த்தால் வெயில், வெளி மூலையைப் பார்த்தால் இறக்கம். களிமண் மனையில் சுவரை ஒட்டி வேப்ப மரம் இருந்தால் கோடையில் அது ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை மட்டும் அதிகமாக இறக்கும். உடனே மரத்தை வெட்டுவதும் சரியில்லை. உறிஞ்சாமல் போன ஈரம் மண்ணை மறுபடி உப்பவைத்து எதிர்த்திசையில் விரிசல் தரலாம்.

தரையை உயர்த்தியதால் வந்த விரிசல்

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். சுரண்டாமல் ரோட்டின் மேல் ரோடு போட்டதில், வடசென்னையில் எத்தனையோ வீடுகள் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டன. மழை வந்தால் தெருத்தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. எனவே உள்ளே மண் நிரப்பித் தரையை இரண்டடி, மூன்றடி உயர்த்துகிறார்கள். செய்வதற்கு நியாயமான காரணம்தான். செய்யும் விதத்தில்தான் கோளாறு.

மூன்றடி மண் நிரப்பினால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 150 கிலோ எடை ஏறுகிறது. ஒரு வீட்டு அறையில் ஆட்கள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்துப் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பது சதுர அடிக்கு 20 கிலோவுக்கும் குறைவு. அந்த எடை களிமண்ணின் மேல் உட்கார்ந்தால் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும், பக்கத்துச் சுவரின் அஸ்திவாரத்தையும் சேர்த்து இழுக்கும். நிரப்புவது நல்ல கிராவலோ மணலோ இல்லாமல், இடித்த கட்டடக் குப்பையாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே பொந்துகள் இருக்கும். ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமுசு போட்டு இடித்து இறுக்க வேண்டிய வேலையை, மொத்தமாகக் கொட்டி மேலே ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அதன்பிறகு அந்தப் புதுத்தரையின் மேலேயே, கீழே பீம் இல்லாமல், நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் எழுப்பி ஒரு அறையை இரண்டாக்குவார்கள். நிரப்பு மண் இறங்க, தரை இறங்க, தடுப்புச் சுவரும் கூடவே இறங்கும். அடையாளம் இதுதான்: தடுப்புச் சுவரின் தலைக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி, பெரிய சுவரோடு சேரும் இடத்தில் மேலே அகலமான நெட்டு விரிசல், தரை ஓரத்தில் ஸ்கர்ட்டிங்குக்கும் டைல்ஸுக்கும் நடுவில் பிளவு. வெளிச்சுவர்களில் ஒன்றும் இருக்காது. வீடு இறங்கவில்லை, தரையும் தடுப்பும்தான் இறங்கின. அவசரப்பட்டு அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டாம். இறக்கம் நின்றதா என்று ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்துவிட்டு, மேல் இடைவெளியை அடைத்தால் போதும். இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, கீழே பீம் போட்டோ, எடை குறைந்த ஜிப்சம் போர்டு வைத்தோ மறுபடி செய்ய வேண்டும்.

ஜாக்கி வைத்து மொத்த வீட்டையும் தூக்குவதும் இப்போது நடக்கிறது. தூக்கிய பின் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்ந்த விரிசல்கள் புதிதாக வந்திருந்தால், ஜாக்கிகள் ஒரே சீராக ஏறவில்லை என்று அர்த்தம். தூக்குவதற்கு முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்து வைக்காதவர்களால் இதை வாதாட முடியாது.

பக்கத்து மனை, பின்கட்டு, மேல்மாடி

சுவரோடு சுவராக வீடுகள் நிற்கும் தெருக்களில், பக்கத்து மனையில் பில்லர் குழி தோண்டும்போது வரும் விரிசல் தனி ரகம். உங்கள் அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 டிகிரி சாய்வில் ஒரு கோட்டைக் கீழ்நோக்கி மனதில் இழுத்துப் பாருங்கள். பக்கத்துக் குழி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், உங்கள் சுவரைத் தாங்கும் மண் சரிய வாய்ப்பு உண்டு. மணல் பகுதியில் குழித்தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் இன்னும் மோசம். தண்ணீரோடு நுண்மணலும் வரும். இறைக்கும் தண்ணீர் கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாக் குழியையும் ஒரே நாளில் திறக்காமல், ஒன்றை எடுத்துக் கான்கிரீட் போட்டு மூடிய பிறகு அடுத்ததை எடுக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வருவதற்கு முன்னால் தேதியோடு படம் எடுத்துக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

முன்கட்டு ஒரு காலத்தில், பின்கட்டு இருபது வருடம் கழித்து, மாடி அதற்குப் பிறகு என்று துண்டு துண்டாக வளர்ந்த வீடுகள் இங்கே அதிகம். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் செங்கல்லைப் பல் விட்டுக் கோக்காமல் ஒட்டவைத்திருந்தால், தரையிலிருந்து தளம் வரை ஒரே அகலத்தில் நேர்கோடாகப் பிரியும். பழைய அஸ்திவாரம் இறங்கவேண்டியது இறங்கி முடித்துவிட்டது. புதியது இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. இந்த இரண்டையும் கம்பி வைத்துக் கட்டிப்போட முயலாமல், இணைப்பாகவே ஏற்று, சீலண்ட் அடித்து மேலே ஒரு பட்டை மூடி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பழைய சுமைதாங்கிச் சுவர்களின் மேல் கேட்காமல் மாடி எழுப்பி, கீழ்ச்சுவரில் நெட்டுக்கு நெட்டாகப் பல விரிசல்கள் வந்திருந்தாலோ, பீம் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே விரிசல் இருந்தாலோ, அது சுவர் எடையில் நசுங்குவது. அதைச் சொந்தமாகப் பார்க்காதீர்கள்.

உப்பும் துருவும்

இந்தப் பகுதியில் எனக்கு அதிகக் கவலை தருவது மண் இல்லை, உப்பு. தளத்தின் அடியில் நேராக, ஐந்தாறு அங்குல இடைவெளியில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் விரிசல்கள். பில்லரின் மூலையில் நெட்டுக்கு ஓடும் விரிசல். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்தரம்), சன்ஷேடு, லாஃப்ட் ஓரத்தில் வரும் குறுக்கு விரிசல். அவற்றில் பழுப்புக் கறை. இவையெல்லாம் உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். இரும்பு துருவாகும்போது இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பிளக்கும். பிளந்த வழியில் காற்றும் ஈரமும் இன்னும் எளிதாகப் போகும்.

உப்பு இரண்டு வழியாக வருகிறது. கடற்காற்று ஒன்று. கட்டும்போதே கலவையில் போனது இன்னொன்று. மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல காலமாகத் தெரிந்த விஷயம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பின் ஒரு கூறு) கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் விதி. வாயில் வைத்தாலே கரிக்கும் போர் தண்ணீரில் தளம் போட்ட வீடுகளுக்கு இந்த விதி எட்டவே இல்லை. அதே விதி, கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மி.மீ. கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன் கேட்கிறது. சென்ட்ரிங் பலகையின் மேல் ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கிய தளங்களில் பத்து மி.மீ. இருந்தாலே அதிர்ஷ்டம்.

கம்பிக்குக் கான்கிரீட் தரும் பாதுகாப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, பெயர்ந்த இடத்தில் கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். ரோஸ் நிறமானால் அங்கே கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறம் மாறாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆனால் உப்பால் வந்த துருவை இது காட்டாது. ரோஸ் நிறமாக இருக்கும் கான்கிரீட்டுக்குள்ளும் குளோரைடு கம்பியைத் தின்னும். அதற்குத் தூள் எடுத்து லேபில் கொடுக்க வேண்டும்.

இந்த விரிசலின் மேல் பூச்சு பூசுவது காசைக் கடலில் போடுவது. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு உடைத்து, கம்பியைச் சுற்றிலும் ஒயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டோடு ஒட்டுவதற்கான பாண்டிங் கோட் கொடுத்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால், கூடுதல் கம்பி எவ்வளவு, எங்கே என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். உடைக்கும் முன் கீழே முட்டுக் கொடுக்காமல் வேலை தொடங்கும் ஆளை அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளில் கம்பி இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. மெட்ராஸ் டெரஸ் தளத்தின் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய பழைய கூரை) மர உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனையில் கரையானாலும் ஈரத்தாலும் உளுத்துப்போகும். உத்தரம் தொய்ய, அதன் கீழே சுவரில் விரிசல் இறங்கும். ஒரு குத்தூசியால் உத்தர முனையைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சுவர்களில் சிமெண்ட் பூச்சு ஏற்றாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு வாழ்வது. சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளிப் பயனில்லை. வேரோடு எடுக்க வேண்டும்.

லாரிதான் காரணமா

டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை), எண்ணூர் விரைவுச்சாலை, மணலிச் சாலை ஓரத்து வீடுகளில் எந்த விரிசலுக்கும் முதல் குற்றவாளி கண்டெய்னர் லாரிதான். ஜன்னல் கண்ணாடி அதிரும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நம் உடல் உணரும் அதிர்வுக்கும் சுவரைப் பிளக்கும் அதிர்வுக்கும் நடுவே நிறைய தூரம் உண்டு. ஏற்கெனவே தளர்ந்த பூச்சை லாரி உதிர்க்கும், ஏற்கெனவே இருக்கும் விரிசலை நீட்டும். நல்ல சுவரைத் தானாகப் பிளப்பது அபூர்வம். மெட்ரோ சுரங்கம், பைல் அடிப்பது போன்ற வேலை நடக்கும் தெருவில் விஷயம் வேறு. அங்கே அதிர்வோடு மண் இறக்கமும் சேரலாம். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

அளப்பது

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீள்கிறதா என்று தெரியும். அகலத்துக்கு, விரிசலின் ஒரு பக்கம் இரண்டு ஸ்க்ரூ, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாகப் பொருத்துங்கள். ராவல் பிளக் (ஸ்க்ரூவைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கும் சிறு குழல்) போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்க வேண்டும். காலிப்பரால் ஸ்க்ரூக்களுக்கு இடையே அளந்தால் அகலுவது மட்டுமல்ல, ஒரு பக்கம் கீழே வழுக்குவதும் தெரியும். கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்க்கும் பழைய முறை, நகர்ந்ததா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. வாரம் ஒருமுறை, எப்போதும் ஒரே நேரத்தில், காலையிலேயே அளப்பது நல்லது. முழுப் படமும் தெரிய ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வேண்டும்.

டிரான்ஸ்பரன்ட் டியூபில் தண்ணீர் நிரப்பி, அதன் மட்டத்தை வைத்து எல்லா அறை மூலைகளிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு, அதிலிருந்து தரைவரை, லிண்டல்வரை அளந்து பாருங்கள். தரை மட்டும் சரிந்து லிண்டல் சரியாக இருந்தால் நிரப்பு மண் இறங்கியது. இரண்டும் ஒரே பக்கம் சரிந்தால் அஸ்திவாரம். கட்டும்போதே கோணலாகக் கட்டியிருக்கவும் கூடும் என்பதால், மட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் விரிசலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு மி.மீ. வரை அழகுப் பிரச்சினை. ஐந்து மி.மீ. வரை காரணத்தைத் தேடிச் சரிசெய்யக்கூடியது. அதற்கு மேல் போனால் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரை அழையுங்கள். அகலம் குறைவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு: ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய வளரும் விரிசல், சுவர் வயிறு தள்ளி, குறுக்கே விரிசல், விரிசலின் ஒரு பக்கம் விரலுக்குத் தட்டுப்படும்படி முன்னால் வந்திருப்பது, நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிப்பது, பில்லரிலோ பீமிலோ சாய்ந்த விரிசல். கடைசியாகச் சொன்னது இருந்தால் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

மேஸ்திரியிடம் கொட்டேஷன் வாங்கும்போது 'கிராக் ஃபில்லிங், லம்ப்சம்' என்று ஒரே வரியில் எழுதியதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தச் சுவர், எத்தனை ரன்னிங் அடி, வெட்டும் ஆழம், அடைக்கும் பொருள், வலையின் அகலம், எத்தனை நாள் தண்ணீர் காட்டுவது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சம்ப்போ பைப்போ காரணம் என்றால் அந்த வேலை முதலில் முடிய வேண்டும். சுவர் காய குறைந்தது ஒரு மாதம் விட்டு, ஸ்க்ரூ அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பூச்சு. வெயிலில் விரிந்து மழையில் மூடும் விரிசல் என்றால் மே மாதத்திலும் வேண்டாம், டிசம்பரிலும் வேண்டாம். நடு அகலத்தில் இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் சீலண்டை அடையுங்கள். பணத்தில் பாதியை, வலை வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். பூசி முடித்துவிட்டால் உள்ளே வலை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.